ஆஸ்டின் டவுனுக்கும் ஒரு திணை உண்டு

சென்ற ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ந்த ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவ்வியலின் பொருள், வடதமிழகத்து அம்மன் வழிபாட்டில் பம்பை, உடுக்கை ஆகிய கருவிகளின் இடம். கீழே தெருமுனையிலுள்ள சிறிய அம்மன் கோயிலில் கூழ் வார்த்து முடித்துக் கரகம் புறப்படும் நேரம். பம்பை முழங்கத் தொடங்கியது. கவனம் சிதறுகிறதென்று எழுந்துபோய்ச் சன்னலை அடைத்தேன். பிறகு வந்தமர்ந்து, பம்பையின் தாள அமைப்பைப் பற்றிய பத்தியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

மறுநாள் காலை, தரைத்தளத்தில் குடியிருக்கும் பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு படிக்கட்டில் எதிர்ப்பட்டார். "ஏன் கண்ணு, ராத்திரி அம்மா நம்ம வாசலுக்கு வந்தப்ப நீ ஜன்னல சாத்திக்கினியே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. உண்மையான அக்கறைதான் இருந்தது. உடல்நலக் குறைவைத் தவிர வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஆய்வுக்குழுவினர் இதுவரை கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு நேரம் விடை தேடி நின்றதில்லை.

இப்பதிவு அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலோராயுள்ள என் நட்பு வட்டத்தின் முன் இதை ஒரு கருத்தாகவே வைக்கிறேன்: நாம் வாழும் இடத்தின் கலையையும் இயற்கையையும் துய்ப்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. அது நம் அறிவுப்பணியின் ஒரு பகுதி. குடிமக்களாக நமக்குள்ள பொறுப்பின் ஒரு பகுதியுங்கூட.

ஆஸ்டின் டவுனை அறியாதவர்களுக்கு ஓரிரு சொற்கள். பெங்களூரில் ரிச்மண்ட் டவுன், லாங்போர்ட் டவுன், விவேக் நகர், நீலசந்திரா ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்த நெருக்கமான குடியிருப்பு இது. பெயரே கன்டோன்மென்ட் காலத்தைச் சொல்லும். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்தனர். 1881இல் மைசூர் அரசு உடையாருக்குத் திரும்ப அளிக்கப்பட்ட பின்னும் இப்பகுதி தனி நிர்வாகமாகவே நீடித்து, 1947இல்தான் மைசூருடன் இணைந்தது. கன்டோன்மென்ட்டும் பழைய நகரும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. படைவீரராகவும் கொத்தராகவும் வண்டிக்காரராகவும் வணிகராகவும் தமிழர் இங்கு வந்து குடியேறிய வரலாறு இந்தக் காலத்துக்குள் அடங்கும். இன்று எங்கள் தெருவில் ஒரு காய்கறி வண்டி கடந்து செல்வதற்குள் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் பேரம் நடந்து முடிந்துவிடும்.

பெங்களூருக்கென்று மதிப்புமிக்க பண்பாட்டு நாட்காட்டி ஒன்று உண்டு. 1939இல் தொடங்கி, கோட்டை உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் நடந்துவரும் இராமநவமி இசைவிழா, வயலின் வடிவில் எழுப்பப்பட்டு 1980இல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு அரங்கம், 2004 முதல் நாடகங்களுக்கு வீடாயிருக்கும் ரங்க சங்கரா, சித்ரகலா பரிஷத் 2003 முதல் சனவரி ஞாயிறொன்றில் நடத்தும் சித்திரச் சந்தை ஆகியவை அதில் அடங்கும். இவற்றை நான் விரும்பியே சென்று பார்த்திருக்கிறேன். இவற்றின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் இந்நாட்காட்டியின்படி வாழ்பவர்க்கு, ஆஸ்டின் டவுனில் ஆண்டு முழுவதும் எதுவுமே நடப்பதில்லை என்றுதான் தோன்றும்.

நடப்பவற்றைச் சொல்கிறேன். சனவரியில், பக்கத்து விவேக் நகரின் குழந்தை இயேசு திருத்தலத் திருவிழா; ஆண்டு முழுதும் வியாழக்கிழமைதோறும் அங்குப் பல மொழிகளில் ஒலிக்கும் நவநாள் மன்றாட்டுகளும் பாடல்களும். ஆடியில் கூழும் கரகமும் பம்பையும். நவம்பர் முதல் நாளன்று தொடங்கிச் சில வாரங்களுக்குத் தெருமுனை மேடைகளில் கன்னட ராஜ்யோத்சவ இன்னிசைக் கச்சேரிகள். அவற்றில் பழைய கன்னடத் திரைப்பாடல்களை உயிரைக் கொடுத்துப் பாடும் இளைஞர்களில் வீட்டில் தமிழ் பேசுபவர் பலர். டிசம்பரில் வீட்டுத் திண்ணைகளில் எழும் குடில்கள், கித்தாரும் தப்பும் கொண்டு இரவில் வீடுவீடாக வரும் கேரல் குழுவினர். ஊர்வலம் எதுவாயினும் சீருடை அணிந்து முன்னே நடக்கும் பேண்டு வாத்தியக் கலைஞர்கள். இவை எதற்கும் நுழைவுச்சீட்டில்லை; விமர்சனக் கட்டுரையுமில்லை. இவற்றை ஆராய்வோரும் பெரும்பாலும் வேறெங்கோ நடக்கும் இதே வகை நிகழ்வுகளைத்தான் ஆராய்கிறோம். களப்பணி என்றால் பேருந்து ஏறவேண்டும் என்பது நமக்குள் ஊறிய எண்ணம்.

இயற்கையைப் பற்றிய நம் எண்ணமும் இத்தகையதே. பெங்களூரில் இயற்கை என்றால் ஐதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக், 1870இல் உருவான கப்பன் பூங்கா, அவற்றை விட்டால் வார இறுதியில் நந்தி மலை. ஆயினும் இந்நகரத்துச் சாலைகளின் அழகு பூங்கா மதில்களுக்குள் அடங்குவதாகத் திட்டமிடப்படவில்லை. 1908இல் இங்கு வந்த செருமானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் எர்மான் க்ரும்பீகல், ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனுமொரு மரம் நகரில் பூத்திருக்க வேண்டுமென்று மரங்களைத் தேர்ந்து நடச் செய்தவர். 1956இல் மறைந்த அவர், எங்கள் பகுதியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில்தான் துயில்கிறார். அந்தச் சாலை வழியே ஆண்டுக்கணக்காகப் பேருந்தில் போய்வந்த எனக்கு, அவரைப் பற்றி ஒரு நூலகத்தில் படித்த பிறகே அது தெரிந்தது.

அவர் எண்ணியவாறு தெருவைப் பார்க்கத் தொடங்கினால் ஆண்டு வேறாகத் தெரிகிறது. சனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்புத் தபேபூயா. அதன் பின்னே மஞ்சள் தபேபூயாவும் ஊதா நிற ஜக்கரண்டாவும். மார்ச்சில் புங்கை பழைய இலையை உதிர்த்துப் பளபளக்கும் தளிர் விடும். யுகாதிக்குக் கன்னடர் வீட்டு வாசலில் மாவிலை கட்டும் நேரமும் அதுவே. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகரும் பெருங்கொன்றையும். மழைக்காலம் முடியும் தறுவாயில் மரமல்லி. இரவில் அதன் மணம் சாக்கடை நாற்றத்தையும் வென்று தெருவில் நிற்கும். விடியலில் குக்குறுவானின் ஓயாத ஒலி. நண்பகலில் இறைச்சிக் கடைகளுக்கு மேல் வட்டமிடும் பருந்துகள். அந்தியில் பழந்தின்னி வௌவால்கள். இவற்றைக் காண அரைமணி நேரமும் நிமிர்ந்த தலையும் போதும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வருகின்றன என்பதை நம்மில் பலர் வகுப்பில் பெருமையோடு சொல்லியிருக்கிறோம். சென்ற ஆண்டு நானே எனக்கொரு தேர்வு வைத்துக்கொண்டேன். என் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள மரங்களின் பெயர்களை எழுதினேன். நான்கில் நின்றுவிட்டேன். மற்றவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர், அம்மரங்களின் நிழலில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருப்பவர். அவர் கன்னடப் பெயர்களைச் சொன்னார். சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் சொன்னார். இரண்டுக்கு "பேரு தெரியாது சார், ஆனா காத்து நல்லா வரும்" என்றார்.

இலக்கண நூலார் இந்தப் பிரிவினையை ஏற்றிருக்கமாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்குமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பின்வந்த நம்பி அகப்பொருள் ஊர், நீர், பூ, பண் முதலியவற்றையும் சேர்த்துப் பதினான்காக விரிக்கிறது. மரத்துக்கும் பறவைக்கும் அடுத்து நிற்பது பறை. 'கலை நிகழ்ச்சி' என்று ஒரு பெட்டியும் 'சுற்றுச்சூழல்' என்று இன்னொரு பெட்டியும் அங்கில்லை. ஒரு நிலத்தில் வாழ்வோர் எதை உண்கிறார்கள், எதன் நிழலில் நிற்கிறார்கள், எதைக் கொட்டி முழக்குகிறார்கள் என்பவை சேர்ந்தே அந்நிலம் ஆகிறது. இப்பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்துத் தகுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவன் நான். நான் குடியிருக்கும் நிலத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்று தோன்றப் பல ஆண்டுகள் ஆயின.

இது வெறும் இலக்கிய ஒப்புமையன்று என்பதற்கு இந்நகரத்திலேயே சான்று இருக்கிறது. பெங்களூர் கரகம் சித்திரை முழுநிலவையொட்டி, திகளர்பேட்டைத் தர்மராயசாமி கோயிலிலிருந்து புறப்படுவது. அதை நடத்துவோர் திகளர் சமூகத்தார். வழிவழியாகத் தோட்டக்கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள். திரௌபதியை வழிபடும் அவ்விழாவின் ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. விழாச் சடங்குகளுள் ஒன்று சம்பங்கி ஏரியோடு தொடர்புடையது. அந்த ஏரி இன்றில்லை. அவ்விடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கரகச் சடங்கு அங்கு இன்றும் நடக்கிறது.

இதை எங்கள் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்டின் டவுனுக்கு அண்மையில் இரண்டு ஏரிகள் இருந்தன. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாயிற்று. சூளை ஏரி கால்பந்து அரங்கமாயிற்று. அவ்வரங்குகளில் எங்கள் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. கால்பந்து இப்பகுதியின் உயிர். ஆனால் இங்கொரு ஏரி இருந்தது என்பதை நினைவூட்ட ஒரு குட்டையளவு நீரும் எஞ்சவில்லை. நகரத்தார் ஆண்டுக்கொருமுறை கூடி நின்று கொண்டாடிய இடத்தில் துளி நீராவது தங்கியது. கொண்டாட்டம் இல்லாத இடத்தில் பெயர்கூடத் தங்கவில்லை. விழா மட்டுமே ஏரியைக் காக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சம்பங்கி ஏரியையே அது முழுமையாகக் காக்கவில்லையே. ஆனால் மக்கள் கால் வைத்துப் பழகிய இடத்தை முற்றாகத் துடைத்தெறிவது கடினம் என்றாவது சொல்லலாம்.

இவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது அறையில் வெளிச்சம் அதிகமாயிருந்தது. முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் சன்னலுக்கு எதிரே நின்ற புங்கை இல்லை என்பது புலப்பட்டது. விடியுமுன் வெட்டி, வண்டியிலேற்றி, மரத்தூளையும் கூட்டிவிட்டிருந்தார்கள். யார் கேட்டார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதைத் தெருவில் ஒருவரும் அறியவில்லை. நானும் அதை மரம் இருந்தபோது ஒருநாளும் கேட்டறிந்தவனல்லேன்.

கர்நாடகத்தில் மரங்களைக் காக்க 1976இலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. மரம் வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். ஐம்பது மரங்களுக்கு மேல் வெட்டவேண்டியிருந்தால் பொது அறிவிப்புக் கொடுத்து மக்களின் ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. 2016 அக்டோபர் 16 அன்று, 812 மரங்களைப் பலிகொள்ளவிருந்த இரும்பு மேம்பாலத் திட்டத்துக்கு எதிராகப் பெங்களூர் மக்கள் கைகோத்து நின்றார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 812 என்பது செய்தியாகும் எண். எங்கள் தெருப் புங்கை ஒன்று. அதற்கு அறிவிப்பில்லை, ஊர்வலமில்லை. ஒற்றை மரத்துக்குப் பேச, அன்றாடம் அதைப் பார்ப்பவரைத் தவிர வேறு யாருமில்லை. பார்ப்பதாக நினைத்திருந்த நானோ அதன் தளிர்க்காலத்தைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய மூன்று கேள்விகளை நானே கேட்டுக்கொண்டேன்.

ஒன்று, ஒலி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் நள்ளிரவு ஒலிபெருக்கி துன்பமே. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாதென்னும் 2000ஆம் ஆண்டின் விதிகள் நியாயமானவை. அவற்றைத் தளர்த்தக் கோரமாட்டேன். நான் சன்னலை அடைத்த இரவிலோ மணி எட்டரைகூட ஆகவில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இரண்டு பம்பைகளும் ஓர் உடுக்கையும் மட்டுமே. நாம் 'இரைச்சல்' என்று பெயரிடுவதில் எவ்வளவு ஒலியளவைப் பற்றியது, எவ்வளவு அதை வாசிக்கும் கையைப் பற்றியது என்பதைச் சற்றே நேர்மையோடு எண்ணிப் பார்க்கவேண்டும். பறையைத் தீட்டென்று ஒதுக்கிய ஒரு சமூகத்தில் அக்கேள்வியை எளிதில் கடந்துவிட முடியாது.

இரண்டு, 'நம்மூர்' என்னும் பற்று பிறரை விலக்கும் பற்றாக மாறாதா? இந்நகரத் தமிழர் இக்கேள்வியின் எடையை அறிவர். அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது; அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. ஆனால் உற்றுப் பார்க்கப் பார்க்க இவ்வட்டாரம் யாருக்கும் தனியுரிமை தருவதாயில்லை. நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. குல்மோகரின் தாயகம் மடகாஸ்கர். ஆற்காட்டிலிருந்து வந்தவரின் பேரன் ராஜ்குமார் பாடல் பாடுகிறான். இங்கே வந்து வேர்விட்டவையெல்லாம் இவ்வூருடையவை என்பதை இத்தெருவைவிட எளிதாகக் கற்பிக்கும் பாடநூல் எனக்குத் தெரியாது.

மூன்று, மிகக் கடினமானது. பொழுது இருப்பவர்தானே துய்க்க முடியும்? காலை ஐந்து மணிக்கு நான்கு வீட்டு வேலைக்குப் புறப்படும் பெண்ணிடம் மரமல்லியின் மணத்தைப் பற்றிப் பேசலாமா? இதற்கு முழு விடை என்னிடமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். இந்நகரப் பூங்காக்கள் நெடுங்காலம் காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்து, நண்பகலில் பூட்டிக் கிடந்தன. நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு அந்நேரம் பொருந்தியது. இரண்டு வேலைகளுக்கு நடுவே அரைமணி நேரம் உட்கார நிழல் தேடியவருக்குக் கதவு அடைபட்டிருந்தது. ஆகவே துய்த்தல் என்பது உரிமைக் கேள்வியுமாகிறது. தெருவோர மரம் பூட்டப்படுவதில்லை. தெருமுனைப் பம்பைக்குக் கட்டணமில்லை. பொழுதும் பணமும் குறைந்தவர்க்கு எஞ்சியிருப்பவை இவைதாம் என்பதாலேயே, இவற்றின் இழப்பு அவர்களையே முதலில் தாக்குகிறது. ஆடியில் கூழ் காய்ச்சி, கரகத்துக்குப் பூச்சுற்றி, விடியும்வரை விழித்திருந்தவர்களும் அந்த வேலைக்குப் போகும் பெண்களே. அவர்களுக்குப் பொழுதில்லை என்று அவர்கள் சார்பில் நான் முடிவு செய்வது முறையாகாது.

ஆகவே நண்பர்களே, பெரிய திட்டமெதையும் முன்வைக்கவில்லை, செய்யக்கூடியவை மூன்று. உங்கள் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள மரங்களின் பெயர்களை, உங்கள் தெருவில் பேசப்படும் மொழிகள் எல்லாவற்றிலும் கேட்டு எழுதுங்கள். அவை தளிர்க்கும், பூக்கும் நாட்களைக் குறித்து வையுங்கள். அக்குறிப்பு வேண்டுமென்று கேட்டு வாங்கும் சீசன்வாட்ச் போன்ற மக்கள் அறிவியல் முயற்சிகளும் உள்ளன. மரத்துக்குக் கோடரி வரும் நாளில் "இது இங்கே இருந்தது" என்று சொல்லவும் அதுவே சான்றாகும். அடுத்து, மாதமொருமுறை நுழைவுச்சீட்டில்லாத ஒரு நிகழ்வில், குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமின்றி, தொடக்கம் முதல் முடிவு வரை நில்லுங்கள். மூன்றாவது, துறைகளில் பொறுப்பிலிருப்போருக்கு: பருவக் கட்டுரை ஒன்றையாவது மாணவர் தம் சொந்தத் தெருவைப் பற்றி எழுத இடம் கொடுங்கள். பம்பைக் கலைஞரைத் 'தகவலாளி' என்று அடிக்குறிப்பில் நிறுத்தாமல், இசைக்கலைஞராகக் கருத்தரங்க மேடைக்கு அழைத்து, மற்றப் பேச்சாளர்க்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் அவருக்குத் தாருங்கள்.

மூன்றாம் இயலை இன்னும் முடிக்கவில்லை. நெறியாளரிடம் கால நீட்டிப்புக் கேட்டிருக்கிறேன். தாள அமைப்பைப் பற்றிய அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். அதில் பிழையேதுமில்லை, நான் கேளாமல் எழுதியது என்பதே அதன் குறை. வரும் ஆடியில் கூழ் காய்ச்சும் இடத்தில் விறகெடுத்துப் போடும் வேலையைப் பெரியம்மா எனக்கு ஒதுக்கியிருக்கிறார். புங்கை நின்ற குழியில் கன்று நட வட்டார அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில், என் கையெழுத்துக்கு முன்பே பதினேழு வீட்டார் கையெழுத்திட்டிருந்தார்கள். தாளைக் கையிலெடுத்துப் படியேறி இறங்கியவரும் அவரே.

உங்கள் தெருவின் கருப்பொருள்கள் எவை? தெரிந்தவற்றை எழுதுங்கள். தெரியாதவற்றைத் தெருவில் கேட்டுவந்து எழுதுங்கள்.